ஆடியில் மண்டபம் பிடித்தவர்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாட்டு மருந்துக் கடைகள் உள்ள சந்தில் போன வாரம் நடந்துகொண்டிருந்தேன். ஒரு கடைக்காரர் சாக்கைப் பிரித்துக் குங்கிலியத்தைத் தராசுத் தட்டில் கொட்டினார். பொடி கிளம்பியது. பிசினின் காரம் மூக்கில் ஏறியதும் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் பருப்பு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர், ஹாரன் அடித்துச் சலித்துப்போன ஓர் ஆட்டோ, அவ்வளவுதான். ஆனாலும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று, குரலைத் தணித்து, எங்கள் வீட்டு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பது போலவே இருந்தது.

வயலின்காரர்கள் வில்லில் தேய்க்கும் பிசினுக்கும் இதே வாசனைதான். அதை நான் முதன்முதலில் முகர்ந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். ஆடி மாதம். மாப்பிள்ளை இல்லை, பெண் இல்லை, வாசலில் வாழைமரம் இல்லை. மணமேடையில் வெண்கல அண்டா போன்ற முரசுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றைச் சுற்றி வயலின், செல்லோ, குழல், கொம்பு என்று ஒரு பெரிய கூட்டம். அதற்குப் பின்னால் பலகைப் படிகளில் நின்று பாடும் குழு. ஒரு சின்ன ஊரையே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது போல இருந்தது.

அவர்களை அங்கே கூட்டிவந்தவள் நான்தான். கிணறு வெட்டியவர்களைப் பற்றி நான் எழுதிய நீண்ட உரைநடைக் கவிதை ஒன்றைச் சென்னைக்காரப் பெண் ஒருவர் படித்திருக்கிறார். வெளிநாட்டில் இசை படித்துத் திரும்பியவர். தானே எழுதிய இசையைத் தானே மேடையில் நின்று நடத்துபவர். என் வரிகளை இசைக்குழுவுக்கும் பாடகர் குழுவுக்குமாகப் பெரிய ஒரு படைப்பாக்கிவிட்டார். ஒலிப்பதிவு செய்ய இடம்தான் கிடைக்கவில்லை. ஸ்டுடியோக்களில் இத்தனை பேரை அடைக்க முடியாது. அடைத்தாலும் சத்தத்துக்கு மூச்சுவிட இடமிருக்காது என்றார். உயரமான கூரை, கருங்கல் தரை, பெரிய காலி இடம் வேண்டும்.

எனக்கு உடனே அக்கா ஊர் மண்டபம்தான் நினைவுக்கு வந்தது. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து ஒரு காடு தள்ளி இருக்கிறது. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அந்தக் காடு என் அக்காவினுடையது. கல்யாணச் சீராக அப்பா அவள் பேருக்கே எழுதிக் கொடுத்தது. மண்டபத்துக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருக்கும் வீடு மாமா பேரில், மாடு மாமா பேரில், வண்டி மாமா பேரில். அக்கா பேரில் உலகத்தில் இருப்பது அந்தக் காடு ஒன்றுதான். ஆடியில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபம் பூட்டிக் கிடக்கும். கேட்டதும் சாவியைக் கொடுத்தார்கள்.

கொடுத்த கையோடு சந்தேகமும் புறப்பட்டுவிட்டது.

"ஆடில எவனாச்சும் மண்டபம் புடிப்பானுங்களா?" என்று டீக்கடையில் கேட்டார்களாம். அக்காதான் வந்து சொன்னாள். "சமையக்காரரு இல்ல, பந்தி இல்ல. ஜன்னலுக்கெல்லாம் ஜமக்காளத்தத் தொங்க உட்டு மூடறாங்க. உள்ள என்னமோ நடக்குதுன்னு பேசிக்கறாங்க கண்ணு."

ஜமக்காளம் எதிரொலியை மட்டுப்படுத்துவதற்கு. அதை நான் யாருக்கு விளக்குவது? மின்விசிறிகளைக்கூட நிறுத்திவிட்டார்கள், அவை சுற்றும் சத்தம் மைக்கில் விழும். ஒரு ஊரே பார்த்திருக்க, வெயிலில் ஒரு கூட்டம் ஜன்னலை மூடி, காற்றாடியை அணைத்து, வியர்த்துக் கொட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சந்தேகப்படாமல் இருந்தால்தான் அந்த ஊர்க்காரர்களைப் பற்றி நான் கவலைப்பட வேண்டும்.

முதல் நாள் காலையில் ஒலிப்பதிவாளர் வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும், கழுத்தில் எப்போதும் ஹெட்போன். வந்ததும் மண்டபத்தின் நடுவில் நின்று கையைத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். நாலடி நகர்ந்து மறுபடி தட்டினார். பிறகு உள்ளங்கையில் அடங்கும் ஒரு லேசர் கருவியை எடுத்துச் சுவருக்குச் சுவர் அளந்தார். அதோடு நின்றிருக்கலாம். சத்தத்தை அளக்கும் இன்னொரு கருவியை மூன்று கால் ஸ்டாண்டில் பொருத்தி, அக்காவின் காட்டுக்குள் இறங்கிவிட்டார். சாலைச் சத்தம் எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்க்கிறாராம். ஜெனரேட்டரைத் தூரத்தில் வைத்துக் கேபிள் இழுக்க வேண்டும் என்று வரப்போரமாகக் குச்சி நட்டு, ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா கட்டினார்.

"இந்த லேண்ட் யாரோடது மேடம்?" என்று கேட்டார் திரும்பி வந்ததும். "ரோட் ஃபேசிங், சூப்பரா இருக்கு."

நான் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் மாமா நிற்கிறார். என் அக்கா புருஷன். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு, கக்கத்தில் விறகு போல ஒரு கட்டு. அத்தனை குச்சியையும் பிடுங்கிவிட்டிருந்தார். சிவப்பு நாடாக்கள் ஆடிக்காற்றில் பறந்துகொண்டிருந்தன.

"அம்மிணி, இது என்னுங்க?"

"கேபிள் போறதுக்கு அடையாளம் மாமா. ஜெனரேட்டர அக்கட்டால வெக்கறாங்க."

"வயரு போடறவன் வயரப் போடுவான். குச்சி எதுக்கு நடறான்? அதுல செவப்பு நாடா எதுக்கு?"

"பளிச்சுனு தெரியறதுக்கு."

"யாருக்குத் தெரியறதுக்கு? மேல பறக்கறவனுக்கா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் அம்மிணி. மூணு காலு ஸ்டாண்டத் தூக்கிட்டு ரெண்டு பசங்க வந்தாங்க. சும்மா பாக்க வந்தோம், குடிக்கத் தண்ணி குடுங்கன்னாங்க. உங்கக்கா தண்ணி கேட்டவனுக்கு மோரே குடுத்தா. மோரக் குடிச்சுப்போட்டு வேலியோட அளந்துட்டுப் போனாங்க. நம்ம புளியமரம் நின்ன எடத்துல இன்னைக்கு லாரி ஓடுது. இவிய பாட வந்தவியளா, அளக்க வந்தவியளா? நெசத்தச் சொல்லிப்போடுங்க."

சாலை அகலமானபோது அந்தக் காட்டின் முகப்பிலிருந்து ஒரு துண்டு போனது எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் மூன்று கால் ஸ்டாண்டைப் பார்த்தால் நாயும் குரைக்கும். படம் பிடிக்க வந்த கல்யாணக் கேமராக்காரரையே ஒருமுறை வழிமறித்து உட்கார வைத்துவிட்டார்கள். எனவே மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சமாதானம் சொல்லி, குச்சிகளைத் திரும்ப நடாமலே கேபிளை இழுக்க வைத்தேன்.

ஆனால் சந்தேகம் தும்மலைப் போல. ஒருவர் போட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் மூக்கு அரிக்கும். அன்று மாலையிலிருந்து அந்த ஒலிப்பதிவாளரை நான் கவனிக்கத் தொடங்கினேன். யாருடைய நிலம் என்று எதற்குக் கேட்டார்? எதற்குப் படம் எடுத்தார்? இந்தப் படைப்புக்கு உதவுகிறார்கள் என்று சொன்னார்களே ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனி வேறு என்ன செய்கிறது? என் கவிதையை இத்தனை பேர் சேர்ந்து பாடுகிறார்கள் என்றதும் நான் மயங்கியிருக்கலாம். நடுவயதில் வரும் புகழ் மோரைப் போல. யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்காமல் குடித்துவிடுகிறோம்.

பதிவு தொடங்கியது. என் வேலை ஒலிப்பதிவு மேசையில் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பாடகர்களின் தமிழ் உச்சரிப்பைக் காவல் காப்பது. பல ஊர்க்காரர்கள், ஒருவருக்கு ழகரம் வராது, இன்னொருவருக்கு றகரம் அடங்காது. வார்த்தை தவறினால் நான் கையைத் தூக்க வேண்டும்.

அந்த இசையை எப்படிச் சொல்வது? மெட்டு என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு போக முடியாது. வயலின்கள் தந்தியின் மேல் ஊர்ந்து, எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளியின் காய்ந்த இலைகளைப் போலச் சரசரத்தன. செல்லோக்காரர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டு மரத்தைத் தட்டினார்கள். பாடகர்கள் பாடாமல் மூச்சை இழுத்தார்கள், விட்டார்கள், பல்லிடுக்கில் காற்றைச் சீறவிட்டார்கள். திடீரென்று எல்லாக் குரல்களும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, பாறைக்கு வெடி வைத்தது போல ஒரு சத்தம். முரசு அதிர, என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. அப்பாவின் கிணற்று மேட்டில் காதைப் பொத்திக்கொண்டு நின்ற பாவாடைக்காரி எனக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

அக்கா மோர்ப்பானையோடு வந்து கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். இடைவேளையில் என் காதில், "ஏண்டி, இத்தன பேரு சேந்து மூச்சு உடறதுக்கு மெட்ராசுல இருந்து வரோணுமா? இங்கயே நாமெல்லாம் உட்டுக்கிட்டுத்தான இருக்கறோம்" என்றாள்.

"பிடிக்கலையாக்கா?"

"புடிக்கலைன்னு சொன்னனா? வெடி வெச்சாங்களே, அது நல்லா இருந்துச்சு. அப்பன் திட்டறாப்பலயே இருந்துச்சு."

மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தினமும் வந்தார். உள்ளே உட்கார மாட்டார். மேற்குச் சுவரை ஒட்டி, ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் அலைவார். ஃபோன் வந்தால் வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டு பேசுவார். என்னைப் பார்த்தால் ஒரு கேள்வி தயாராக இருக்கும். "இந்தக் கம்பெனிக்காரங்க சேலத்துல எங்க இருக்கறாங்க அம்மிணி?" "அந்தத் தம்பி பட்டா கிட்டா கேட்டாருங்களா?" "உங்கக்காகிட்ட யாராச்சும் பேச்சுக் குடுத்தாங்களா?" "பாட்டுன்னா ஒரு மெட்டு வேண்டாமுங்களா? மெட்டே இல்லாததப் பாட்டுன்னு சொல்லிக்கிட்டு…" கடைசியில் எப்போதும் ஒன்றையே கேட்பார்: "எப்பங்க கெளம்பறாங்க?"

காட்டின் மேல் இந்த மனிதருக்கு இத்தனை பாசமா என்று எனக்கு வியப்பாக இருந்தது. சாலைக்காரர்கள் போன பிறகு அக்கா வீட்டில் அதில் ஆழ்குழாய்ப் போர் போட்டார்கள். ரிக் வண்டி இரவும் பகலும் துளைத்து வெறும் புழுதியைத் துப்பியது. அதன்பின் மழையை நம்பிக் குச்சிக்கிழங்குதான். தண்ணீர் இல்லாத நிலத்தை இப்படிக் காவல் காக்கிறாரே என்று நெகிழ்ந்துகூடப் போனேன்.

கடைசிப் பகுதிதான் எல்லோரையும் படுத்தியது. இசைக்குழு முழுவதும் அடங்கிவிடும். பாடகர்கள் மட்டும், பாடாமல், கிசுகிசுப்பாக என் கடைசி வரியைச் சொல்ல வேண்டும்: 'நீர் வந்த வழியை நிலம் சொல்லாது.' சொல்லி முடித்து, மௌனம். மண்டபத்தின் மூலை முடுக்குகளில் அந்த வார்த்தை போய் ஒடுங்கும் வரை யாரும் அசையக் கூடாது. ஒவ்வொரு முறையும் 'சொல்லாது' என்று முடிக்கும்போது நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்காரர் ஏர் ஹாரனை அழுத்துவார். திரும்ப முதலிலிருந்து. மறுபடி ஹாரன். ஒருமுறை மயில் அகவியது. ஒருமுறை பாடகர் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசி நாள் காலை, புறப்பட வேண்டிய பேருந்துகள் மண்டப வாசலில் வந்து நின்ற பிறகு, ஒருவழியாக அமைந்தது. கிசுகிசுப்பு எழுந்தது, அடங்கியது. ஒரு ஹாரன் இல்லை, ஒரு தும்மல் இல்லை. நடத்துபவரின் கை அந்தரத்தில் நின்றது, மெல்லத் தாழ்ந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டார்கள். ஒலிப்பதிவாளர் மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "பின்னாடி மைக்ல என்னமோ இருக்கு. பரவால்ல, அப்புறம் பாத்துக்கலாம்" என்று முனகினார். மண்டபத்தின் கடைசியில், மேற்கு ஜன்னலுக்கு அருகில், எதிரொலியைப் பிடிக்க இரண்டு மைக்குகள் வைத்திருந்தார். அங்கே தொங்கிய ஜமக்காளத்தை ஆடிக்காற்று ஓர் ஓரமாக ஒதுக்கிவிட்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

பிறகு அவர் எல்லோரையும் அப்படியே இருக்கச் சொன்னார். யாரும் வாசிக்க வேண்டாம், பாட வேண்டாம், அசைய வேண்டாம். மைக்குகள் மட்டும் ஓடட்டும். இது அவர்கள் தொழிலின் வழக்கமாம். காலி மண்டபத்துக்கும் ஒரு சத்தம் உண்டு. ஆட்கள் நிறைந்து சும்மா இருக்கும் மண்டபத்துக்கு வேறொரு சத்தம். அதைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொண்டால், பின்னால் எங்கேயாவது வேண்டாத ஓசை விழுந்திருந்தால் அதை வெட்டியெடுத்துவிட்டு இந்த மௌனத்தை அங்கே ஒட்டுப் போடலாம். கிழிந்த வேட்டிக்கு அதே நூலில் இழையோட்டுவது போல.

அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்துவிட்டார். வாசற்படியிலேயே நின்றார். அத்தனை பேர், அத்தனை கருவிகள், ஒரு சத்தம் இல்லை. கண்ணை மூடிக்கூட இல்லை, விழித்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மேசையில் சிவப்பு விளக்குகள் எரிகின்றன. அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"பாடுனாங்க, சரி. தட்டுனாங்க, சரி. இப்ப கம்முனு ஒக்காந்துக்கிட்டு என்னத்தப் புடிச்சாங்க?"

"ஒண்ணுமில்லாததத்தான் மாமா."

"ஒண்ணுமில்லாததப் புடிக்கறதுக்கு இத்தன மைக்கா?"

ஒலிப்பதிவாளர் சிரித்துக்கொண்டே ஹெட்போனை எடுத்து மாமாவின் தலையில் மாட்டிவிட்டார். "நீங்களே கேளுங்க சார்."

மாமா கேட்டார். கண் விரிந்தது. "என்ற மாடு தண்ணி குடிக்கறது கேக்குது!" என்று கத்தினார், காதை அடைத்திருந்ததால் கத்துவது அவருக்குத் தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு ஹெட்போனை மெதுவாகக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது எத்தன தூரத்துக்குப் புடிக்குமுங்க தம்பி?"

"அந்த மரத்தடியில யாராவது மூச்சு விட்டாக்கூட வந்துரும் சார்."

"காத்தால இருந்தே ஓடுதுங்களா?"

"ஆமா சார். ரெக்கார்டிங் போறப்ப எல்லாமே ஓடும்."

மாமா ஹெட்போனை மேசையில் வைத்தார். சூடான வடைச்சட்டியை இறக்கி வைப்பது போல, இரண்டு கையாலும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மேற்குச் சுவர்ப் பக்கம் போகவில்லை. வாசல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

எனக்கு மூக்கு அரித்தது.

சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது நானும் ஒலிப்பதிவாளரும் கடைசி வரியைக் கேட்க உட்கார்ந்தோம். நான் வார்த்தைகளைச் சரிபார்க்க வேண்டும். 'நீர் வந்த வழியை' நன்றாக இருந்தது. 'நிலம் சொல்லாது.' லகரங்கள் தெளிவு. பிறகு மௌனம். அந்த மௌனத்தின் அடியில், மிகத் தொலைவில், குழாயில் நீர் ஓடுவது போல ஒரு குரல். "இதான் மேடம் அது" என்று ஒலிப்பதிவாளர் பின்னால் இருந்த மைக்குகளை மட்டும் ஏற்றினார். குரல் என் காதுக்குள் வந்து உட்கார்ந்தது.

"…ஆமாங்க, ரோட்டு மொகப்பேதானுங்க. லாரி நிறுத்தறதுக்கு அதைய உட்டா எடம் கெடைக்காது… அவ பேருலதான் இருக்குது. இருக்கட்டுமுங்க, கையெழுத்து நான் வாங்கிக்கறேன். பேங்கு லோனுக்குன்னு சொன்னா எதுல வேணாலும் போட்டுருவா… இப்ப வேண்டாமுங்க. கொழுந்தியா கூட்டத்தோட வந்து ஒக்காந்திருக்குது. மோப்பம் புடிக்கத்தான் வந்திருக்குதோ என்னமோ. ஆடி கழியட்டும். ஆவணி பொறந்ததும் கெரயத்தப் பண்ணிக்கலாமுங்க…"

கொழுந்தியா என்பது நான்.

அப்படியானால் அவர் பிடுங்கிய குச்சிகள்? அந்த லேசர் பயம், புளியமரம், மோர்? பயம் பொய் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. பறிபோன நிலத்துண்டுக்காக அவர் அழுததை அக்கா சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் வேவு பார்த்தது ஒலிப்பதிவாளரை அல்ல, என்னை. தன் வியாபாரத்தைக் கலைக்க நான் ஆள்படையோடு வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். நானோ யாரையோ சந்தேகப்பட்டுக்கொண்டு, அவரைப் பார்த்து நெகிழ்ந்துகொண்டிருந்தேன். அந்தப் பையன் நிலத்தைப் படம் எடுத்தது எதற்கென்று பிறகு கேட்டேன். சாலை எவ்வளவு பக்கம் என்று ஹாரன் பிரச்சினைக்காக நடத்துபவருக்கு அனுப்பினாராம்.

"யாரோ வெளிய ஃபோன் பேசிட்டிருக்காரு" என்றார் ஒலிப்பதிவாளர், குரல் யாருடையது என்று தெரியாமல். "கவலப்படாதீங்க மேடம். அதான் சைலன்ஸ் எடுத்து வெச்சிருக்கோமே. வெட்டிட்டு ஒட்டிரலாம். ரெண்டு நிமிஷ வேல."

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

நானே அக்காவிடம் வாயால் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாமா இல்லையென்று சத்தியம் செய்வார். தங்கை சொல்கிறாள், புருஷன் மறுக்கிறார். அக்கா இரண்டுக்கும் நடுவில் நின்று அடுப்பைப் பற்ற வைப்பாள். நான் சேலத்துக்குப் போய்விடுவேன். அவள் அங்கேயே இருக்க வேண்டும். ஆனால் இது என் வாய்ச் சொல் அல்ல. மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த அவளிடம் போய், "அக்கா, என்ற கடைசி வரிய வந்து கேளு" என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஹெட்போனைக் கொண்டைக்கு மேல் சரியாக மாட்டத் தெரியாமல் இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒலிப்பதிவாளரிடம் பின் மைக்குகளை இறக்க வேண்டாம் என்று சைகை காட்டினேன். அக்கா புன்னகையோடுதான் கேட்கத் தொடங்கினாள். கிசுகிசுப்புக்குத் தலையை ஆட்டினாள். பிறகு தலை நின்றது. விரல்கள் காதை அழுத்தின. முகத்தில் வேறு எதுவும் நடக்கவில்லை. முடிந்ததும், "இன்னொருக்காப் போடுங்க தம்பி" என்றாள்.

போட்டார். அந்தப் பையன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குள்ளும் சந்தேகம் இறங்கிவிட்டது தெரிந்தது.

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள்.

"இது இப்படியே ஊருக்கெல்லாம் கேக்குமா தம்பி?"

"இல்லம்மா. அழிச்சிருவோம்."

"அழிச்சா தெரியாதா?"

"தெரியவே தெரியாதும்மா. காலைல எடுத்த சைலன்ஸ அங்க வெச்சிருவோம்."

"அழிச்சிருங்க" என்றாள். "அவ வரி நல்லா வந்திருக்குது. அதுல எதுக்கு இது?"

எங்கள் இருவர் முன்னாலேயே அவர் அதைச் செய்தார். திரையில் அலை அலையாக இருந்த ஓரிடத்தைக் கத்தரித்தார். வேறோர் இடத்திலிருந்து மௌனத்தைக் கொண்டுவந்து வைத்தார். மறுபடி ஓட்டினார். 'சொல்லாது' என்ற வார்த்தைக்குப் பின் மண்டபம் மட்டும் மூச்சுவிட்டது. மாமா அங்கே நின்றதற்குத் தடயமே இல்லை. அந்தப் பதிவு இப்போது வெளிவந்துவிட்டது. கேட்டவர்கள் அந்தக் கடைசி மௌனத்தைத்தான் சிலாகிக்கிறார்கள். எனக்கோ இன்று எந்தப் பதிவைக் கேட்டாலும், அது அடங்கும் இடத்தில் எதை வெட்டிவிட்டு எதை ஒட்டியிருக்கிறார்கள் என்று காது துழாவுகிறது.

வெளியே வந்து குழாயடியில் நின்றோம்.

"உனக்கு முன்னமே தெரியுமாக்கா?"

அவள் காலைக் கழுவினாள். "போரு போட்டப்ப வெறும் புழுதி வந்துச்சு பாரு, அன்னைல இருந்து அந்த மனுசன் காட்டப் பாக்கறதே இல்ல. ரோட்டத்தான் பாத்துக்கிட்டு நிக்கறாரு. பாக்கறவரு பார்வை எனக்குத் தெரியாதா?" என்றாள். "பேங்குன்னு சொல்லுவாருன்னுதான் நெனைக்கல."

"என்ன பண்ணப் போற?"

"சோறு ஆக்கப் போறேன். பொழுதாச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மடக்கி வைத்த பாயைப் போல ஏதோ ஒன்றைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டாள். எதை என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை விட்டுவிடுவாளோ? புருஷன் கேட்டால் மறுக்காமல் போட்டுவிடுவாளோ? அழிக்கச் சொன்னது என் வரிக்காகவா, அவருக்காகவா? சொந்த அக்காவையே நான் பேருந்து கிளம்பும் வரை சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

முரசுகளைப் போர்வையில் சுற்றி ஏற்றினார்கள். செல்லோக்கள் பெட்டிக்குள் போயின. ஜமக்காளங்களை அவிழ்த்து உதறியதும் ஜன்னல் வழியே வெளிச்சம் கொட்டி, தரையெல்லாம் வெள்ளையாகப் பிசின் பொடி தெரிந்தது. மாமா ஒரு குலை இளநீரோடு வந்தார். இசைக்குழுவினர் ஒவ்வொருவரிடமும் கும்பிட்டு, "அடுத்த ஆடிக்கும் வாங்க" என்றார். வாய் நிறையச் சிரிப்பு. என் பெட்டியைத் தானே தூக்கிப் பேருந்தில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார். அக்கா கொஞ்சம் தள்ளி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மிணி, அந்த மைக்குல புடிச்சதெல்லாம் மெட்ராசுக்குப் போயிருமுங்களா?"

"ஆமாங்க மாமா."

"எல்லாமேவா?"

"வேண்டாதத இங்கயே அழிச்சுட்டாங்க."

"எது வேணும் எது வேண்டாம்னு யாரு பாத்தாங்க?"

"அக்காதான் பக்கத்துல ஒக்காந்து கேட்டுச்சு."

அவர் அக்கா பக்கம் திரும்பினார். துண்டு தோளிலிருந்து நழுவியது; பிடிக்கவில்லை. பேருந்து உறுமத் தொடங்கியது. நான் படியில் ஏறிவிட்டேன். அக்கா அவரைப் பார்க்காமல் அவரைத் தாண்டி வந்து, கம்பியைப் பிடித்திருந்த என் கைமேல் தன் கையை வைத்தாள். அவருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"போயிட்டு வா சாமி. ஆவணி பொறந்ததும் ஒரு நட வந்துரு. பேங்குல எனக்கு என்னமோ கையெழுத்துப் போடற வேல இருக்குதாமா. நீ பக்கத்துல ஒக்காந்து, அதுல என்ன எழுதியிருக்குதுன்னு சத்தமாப் படிச்சுக் காட்டோணும்."